மகாமக மலரும் நான்கு பைட்டும்

பழுதாகிவரும் வன்தட்டில் உள்ளவை அனைத்தையும் புதிய வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்துவிட்டால் கணினி முன்போலவே இயங்கத் தொடங்கிவிடும் என்ற எண்ணம் பழைய கணினிகளைக் கையாள்வோரிடம் பரவலாக உண்டு. தரவு நகலாவதும், நகலான தட்டைத் தன்னுடையதாகக் கணினி அடையாளம் காண்பதும் தனித்தனியான இரண்டு காரியங்கள் என்பதும், முதலாவது ஏறக்குறைய முழுமையாக முடிந்த பிறகும் இரண்டாவது நடக்காமல் போகலாம் என்பதும் வேலையில் இறங்கிய பின்னரே தெரியவருகின்றன. 2015ஆம் ஆண்டு மார்கழியில் கும்பகோணத்து அச்சகம் ஒன்றில், விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கிவந்த ஒரு கணினியை மீட்க நேர்ந்தபோது இக்கட்டுரையாளருக்கு இந்த வேறுபாடு புரிந்தது. அந்த வேலை நடந்த விதத்தை, நடந்த இடத்தோடும் மனிதர்களோடும் சேர்த்து இக்கட்டுரை பதிவு செய்கிறது.

அச்சகம் இக்கட்டுரையாளரின் பெரியப்பாவுக்கு உரியது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கும்பாபிஷேக மலர் ஆகியவை அதன் அன்றாட வேலைகள். குரு சிம்ம ராசியில் இருக்கும் ஆண்டின் மாசி மகத்தில், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஊர் நடுவே உள்ள பெருங்குளத்தில் நடைபெறும் மகாமகம் அவ்வூர் அச்சகங்களுக்கெல்லாம் பெரும் பருவமாகும். 2004 மார்ச் 6ஆம் நாள் நடந்த மகாமகத்தை எதிர்பார்த்தே, பென்டியம் 4 செயலியும் 80 ஜிபி வன்தட்டும் கொண்ட அந்தக் கணினி 2003ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கப்பட்டது. ஊர்க் கோயில்களின் தலவரலாறுகளைத் தொகுத்த 96 பக்க மலர்தான் அதில் உருவான முதல் பெரிய வேலை. அடுத்த மகாமகம் 2016 பிப்ரவரி 22இல் வரவிருந்ததால், அதே மலரைத் திருத்தி மீண்டும் அச்சிட்டுத் தருவதாகப் பெரியப்பா ஒப்புக்கொண்டிருந்தார். கணினிப் பெட்டியின் முகப்பில் பன்னிரண்டு ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, பவர் பொத்தானுக்கு மேலே சிறு மேடாக நின்றன. துடைத்தாலும் அந்த வட்டம் மட்டும் போவதில்லை.

கோப்புகளை மட்டும் எடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்கு விடை காண, டிடிபி எனப்படும் கணினிவழிப் பக்க அமைப்பு அக்காலத்தில் தமிழில் நடந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒருங்குறி எனப்படும் யூனிகோட் பரவலாவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கப்பட்ட 256 இடங்களுக்குள் தமிழ் எழுத்து வடிவங்களை அடுக்கியே எழுத்துருக்கள் செய்யப்பட்டன. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் பொதுக் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16 என்னும் குறியேற்றமும் அரசின் தரங்களாயின. இவற்றுக்கெல்லாம் வெளியே, பழகிய எழுத்துருவை விட மனமில்லாமல் நூற்றுக்கணக்கான அச்சகங்கள் தம் போக்கிலேயே இயங்கின. இந்த அச்சகத்தின் எழுத்துருத் தொகுப்பு, கணினியின் பின்புறத்துப் பிரிண்டர் துளையில் செருகப்படும் டாங்கிள் என்ற சிறு பூட்டுக்கருவி இருந்தால்தான் இயங்கும். அதை நிறுவுவதற்கான குறுந்தகடோ 2008இல் அச்சகம் இடம் மாறியபோது தொலைந்துபோனது. ஆகவே பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு நிரலில் உருவான மலரின் கோப்பை வேறு கணினியில் திறந்தால் பக்க அமைப்பு வரும், படங்கள் வரும். ஆதிகும்பேசுவரர் கோயில் வரலாறு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல்தான் தெரியும். கோப்பைப் படிக்க அந்தக் கணினியே வேண்டும், அதுவும் அப்படியே உயிரோடு வேண்டும்.

தமிழில் இருபது ஆண்டுக்கால அச்சு உழைப்பின் பெரும்பகுதி, சிற்றூர்ச் சங்க மலர்களும் குடும்ப வரலாறுகளும் பள்ளி ஆண்டுமலர்களுமாக, இத்தகைய பெட்டிகளுக்குள் கிடக்கிறது. அவற்றை மீட்டெடுப்பது, சுவடிகளுக்கு எண்ணெய் பூசிக் காப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

வன்தட்டு எப்படிப் பழுதாகிறது என்பதை இனிப் பார்க்கலாம். காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல, அவற்றைத் தொடாமல், மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் மிதந்தபடி ஹெட் என்னும் படிப்புமுனை தரவைப் படிக்கிறது. தரவு, செக்டர் எனப்படும் 512 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது முனை தன் தொடக்க நிலைக்குத் திரும்பி மறுபடி முயல்கிறது. அந்தத் திரும்பலின் ஓசையே, சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதைப் போன்ற ‘டக், டக்’ என்று அச்சகக் கணினியிலிருந்து கேட்ட ஒலி. 2015ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் அடிக்கடி நின்று வந்ததும், யுபிஎஸ்ஸின் பேட்டரி வலுவிழந்திருந்ததும் சேர்ந்து அந்தத் தட்டின் முடிவை விரைவுபடுத்தியிருக்கலாம். வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாட்டில், சந்தேகத்துக்குரிய செக்டர்களை எண்ணும் 197ஆம் பண்பு 60ஐத் தாண்டியிருந்தது. நலமான தட்டில் அது சுழியமாக இருக்க வேண்டும்.

பழுது பார்க்க வந்தவர் ஃபார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிவிடலாம் என்றார். அதற்கு முன் செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். செக்டிஸ்க் என்பது கோப்புகளின் ஒழுங்கைச் சரிபார்த்துத் திருத்தும் நிரல். நலமான தட்டில் அது நல்ல கருவி. சாகும் தட்டிலோ, படிக்க முடியாத இடங்களை ஒட்டிய கோப்புகளை அது வெட்டிச் சீரமைப்பதோடு, ஓய்வு தேவைப்படும் முனையை மணிக்கணக்கில் ஓட்டவும் செய்கிறது. பழுதான தட்டில் எதையும் எழுதக் கூடாது, படிப்பதையும் கூடிய மட்டும் ஒரே ஒருமுறை படித்து முடித்துவிட வேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதி. கணினி உடனே அணைக்கப்பட்டது. பெரியப்பா அருகில் வந்து நின்றார். “தம்பி, கம்ப்யூட்டர் போனா போகட்டும். மலர் உள்ள இருக்கா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லு” என்றார். இரண்டும் ஒன்றுதான் என்பதை அவரிடம் அன்று விளக்க இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை.

நாற்பது முனைப் பட்டை வடத்தில் இணையும் ஐடிஇ வகைத் தட்டுகள் 2015இல் சாதாரணக் கடைகளில் கிடைப்பது நின்றுபோயிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் பழையது கிடைக்கும் என்றாலும், டிசம்பர் தொடக்கத்தில் நகரை மூழ்கடித்த வெள்ளத்தால் பயணம் பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போனது. கடைசியில் 160 ஜிபி தட்டு ஒன்று கைக்கு வந்தது.

நகலெடுக்கும் வேலை, லினக்ஸ் இயங்கும் ஒரு மடிக்கணினியில், அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் செய்யப்பட்டது. சாதாரண நகல் நிரல் முதல் செக்டரிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போய், பழுதான இடம் வந்ததும் அங்கேயே முட்டிமோதி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ, இடர்ப்படும் பகுதியைத் தாண்டிக் குதித்து, எளிதில் கிடைப்பவற்றையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு விட்டுப்போன பகுதிகளின் ஓரங்களிலிருந்து உள்நோக்கி நெருங்கி, கடைசியில் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டிப் பார்க்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் அவ்வப்போது குறித்துவைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மார்கழி இரவுகளில் இது இரண்டு முறை கைகொடுத்தது. தட்டைத் திறந்த மேசைமேல் வைத்து, விசிறிக் காற்று படும்படி செய்து, முதலில் முன்னோக்கியும் பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கியும் படிக்கவைக்கப்பட்டது. பெரும்பகுதி ஒரே மாலையில் வந்துவிட, மீதியிருந்த சிறு பகுதி இரண்டு இரவுகளை எடுத்துக்கொண்டது. மொத்தம் 156,301,488 செக்டர்களில் 47 மட்டும் கடைசிவரை வரவில்லை. அதாவது 24,064 பைட், அச்சில் பத்துப் பக்கம்கூட நிரம்பாத அளவு. கிடைத்ததெல்லாம் முதலில் ஓர் உருவக்கோப்பாக, அதாவது தட்டு முழுவதையும் உள்ளடக்கிய ஒற்றைக் கோப்பாகச் சேமிக்கப்பட்டு, அதிலிருந்து 160 ஜிபி தட்டில் எழுதப்பட்டது. உருவக்கோப்பை இடையில் வைத்துக்கொண்டது பெரும் நன்மையாக முடிந்தது.

அடுத்து நடந்ததே பின்வந்த துன்பத்துக்கெல்லாம் காரணம். மலர் இருக்கிறதா என்று பெரியப்பாவுக்குக் காட்டுவதற்காக, அச்சகத்தில் கணக்குப் பார்க்கப் பயன்பட்ட இன்னொரு எக்ஸ்பி கணினியில், பழைய தட்டை ஒரு யுஎஸ்பி இணைப்பிலும் நகலை இன்னொன்றிலும் மாட்டி, கோப்புறைகளின் பட்டியலும் அளவுகளும் ஒப்பிடப்பட்டன. மகாமகம் 2004 என்ற கோப்புறை இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார். இரண்டு தட்டுகளையும் ஒரே விண்டோஸில் ஒருசேர மாட்டியது பிழை என்று அப்போது இக்கட்டுரையாளருக்குத் தெரியாது. திரையில் எச்சரிக்கை எதுவும் வரவும் இல்லை.

நகலை அதன் கணினியில் மாட்டியதும் கறுப்புத் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது: விண்டோஸ் கோப்புறையின் உட்பிரிவில் உள்ள சிஸ்டம் என்ற கோப்பைக் காணவில்லை, அல்லது அது சிதைந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பேரேடு. எந்த வன்பொருளுக்கு எந்த இயக்கி, எந்தத் தட்டுக்கு எந்த எழுத்து என்பதையெல்லாம் அதில்தான் விண்டோஸ் எழுதிவைக்கிறது. அப்பேரேட்டின் முதன்மைத் தொகுதியே இந்த சிஸ்டம் கோப்பு. ஒரு செக்டர் எந்தக் கோப்புக்கு உரியது என்று காட்டும் என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் என்ற கருவியைக் கொண்டு 47 செக்டர்களையும் ஒவ்வொன்றாகத் தேடியபோது, 38 செக்டர்கள் நினைவகம் போதாதபோது விண்டோஸ் தற்காலிகமாக எழுதிப் படிக்கும் கோப்பிலும், 8 வெற்றிடத்திலும் விழுந்திருந்தன. அவற்றால் எந்த இழப்பும் இல்லை. எஞ்சிய ஒன்றே ஒன்று சிஸ்டம் கோப்பின் நடுவில் விழுந்திருந்தது. அந்த 512 பைட்டும் வெறும் சுழியங்களாக இருந்ததால் முழுப் பேரேட்டையும் விண்டோஸ் நிராகரித்துவிட்டது.

இக்குறையைப் போக்க இரண்டு வழிகள் உண்டு. ரிப்பேர் என்ற கோப்புறையில், விண்டோஸ் நிறுவப்பட்ட நாளில் எடுத்த பேரேட்டுப் பிரதி இருக்கும். ஆனால் அது 2003ஆம் ஆண்டின் நினைவு, அதற்குப் பின் சேர்ந்த டாங்கிளையோ லேசர் பிரிண்டரையோ அறியாதது. இரண்டாவது வழி, மீட்புப் புள்ளி என்ற பெயரில் விண்டோஸ் அவ்வப்போது தானே எடுத்து, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத கோப்புறையில் மறைத்து வைக்கும் பிரதிகள். அவற்றுள் மூன்று வாரத்துக்கு முந்தைய ஒன்று நலமாக இருந்தது. லினக்ஸிலிருந்து அதை எடுத்துப் பெயர் மாற்றி, சிதைந்ததன் இடத்தில் வைத்ததும் விண்டோஸின் சின்னம் தோன்றியது, கீழே பச்சைக் கட்டங்கள் ஓடின.

அதற்குப் பிறகு வெற்று நீலம். பிழை நேர்ந்தால் வெள்ளை எழுத்துகளோடு வரும் நீலத்திரை அன்று அது. பயனர் பெயர்கள் தோன்ற வேண்டிய வரவேற்புத் திரையின் இளநீலம், அதில் பெயர் ஒன்றுமில்லை. சுட்டி மட்டும் அசைந்தது. சேஃப் மோடிலும் அதே நிலை. பேரேட்டைத் தவறாக மாற்றிவிட்டோமோ என்ற ஐயத்தில் இன்னும் பழைய மீட்புப் புள்ளி ஒன்றையும் வைத்துப் பார்த்து, அதிலும் பயனின்றி ஐந்து நாட்கள் கழிந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கணினியில் தட்டச்சு செய்துவந்த அக்கா தினமும் வந்து, நீலத்திரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பழைய மலரின் அச்சுப் பிரதியை எடுத்துப் பென்சிலால் திருத்தங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் எந்தக் கேள்வியையும்விடக் கனமாக இருந்தது.

ஆறாம் நாள், உருவக்கோப்பையும் நகல் தட்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் தோன்றியது. இதற்கு உதவும் சிஎம்பி என்ற எளிய லினக்ஸ் கட்டளை, வேறுபடும் ஒவ்வொரு பைட்டின் இடத்தையும் ஒரு வரியில் அச்சிடும். மாற்றிவைத்த பேரேட்டுக் கோப்பாலும் யுஎஸ்பியில் மாட்டிப் பார்த்ததாலும் வேறுபாடுகள் பிற்பகுதியில் இருப்பது எதிர்பார்த்ததே. ஆனால் முதல் நான்கு வரிகள் 441, 442, 443, 444 என்று காட்டின. தட்டின் முதல் செக்டருக்குள் எவரும் எதையும் எழுதியிருக்கவில்லை.

மாஸ்டர் பூட் ரெக்கார்டு எனப்படும் அந்த முதல் செக்டரே கணினி தட்டில் படிக்கும் முதல் பொருள். அதன் 512 பைட்டுகளில் முதல் 440 பைட்டுகள் தொடக்க நிரல். 446ஆம் இடத்திலிருந்து 64 பைட்டுகள் தட்டின் பிரிவினைகளைச் சொல்லும் அட்டவணை. கடைசி இரண்டு பைட்டுகள் இது செல்லத்தக்க செக்டர் என்பதற்கான முத்திரை. சுழியத்திலிருந்து எண்ணினால் 440 முதல் 443 வரையுள்ள நான்கு பைட்டுகளே, சிஎம்பி ஒன்றிலிருந்து எண்ணுவதால் 441 முதல் 444 எனக் காட்டியவை, டிஸ்க் சிக்னேச்சர் என்னும் தட்டின் கையொப்பமாகும். எக்ஸ்பி ஒரு தட்டை அதன் நிறுவனப் பெயராலோ வரிசை எண்ணாலோ அறிவதில்லை, இந்த நான்கு பைட்டாலேயே அறிகிறது. இன்ன கையொப்பமுள்ள தட்டில் இத்தனையாவது பைட்டில் தொடங்கும் பிரிவே சி என்று பேரேட்டில் எழுதிக்கொள்கிறது. எக்ஸ்பி காலத்துத் தட்டுகளில் முதல் பிரிவு 63ஆம் செக்டரில் தொடங்குவதால் அந்த இடம் 32,256.

ஒரே கையொப்பத்தோடு இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் இணைக்கப்பட்டால் விண்டோஸால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆகவே இரண்டாவதாக வந்ததற்குப் புதிய கையொப்பத்தை எழுதிவிடுகிறது. கணக்குக் கணினியில் கோப்புறைகளை ஒப்பிட்ட அந்தப் பத்து நிமிடங்களில் நடந்தது அதுதான். நகலின் பேரேடு பழைய கையொப்பத்தைச் சி என்று நினைத்துக் காத்திருக்க, தட்டோ புதிய கையொப்பத்தோடு வந்து நின்றது. அதை அயல் தட்டாகக் கருதிய விண்டோஸ் வேறு எழுத்தைக் கொடுத்தது. வரவேற்புத் திரைக்குப் பின் இயங்க வேண்டிய நிரல்களின் முகவரிகளோ சி என்றே தொடங்குவன. தன் வீட்டின் கதவு எண்ணை யாரோ மாற்றிவிட, உள்ளே போக வழியின்றி வாசலிலேயே நிற்பவரின் நிலையில் விண்டோஸ் நின்றது.

பேரேட்டைக் கணினிக்கு வெளியிலிருந்தே படிக்கவல்ல ஒரு லினக்ஸ் கருவியைக் கொண்டு சி என்ற பதிவு திறந்து பார்க்கப்பட்டது. அதன் முதல் நான்கு பைட்டுகள் உருவக்கோப்பின் கையொப்பத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தன; நகல் தட்டின் கையொப்பத்தோடு ஒன்றுகூட ஒக்கவில்லை. உருவக்கோப்பிலிருந்து அந்த நான்கு பைட்டுகளை மட்டும் எடுத்து, நகல் தட்டின் அதே இடத்தில் எழுத ஒரு கட்டளை போதுமாக இருந்தது. இடம் பிசகினால் தொடக்க நிரலோ பிரிவினை அட்டவணையோ சிதையலாம் என்பதால், 440 என்ற எண் மூன்று முறை சரிபார்க்கப்பட்ட பின்னரே அது இயக்கப்பட்டது.

போகிக்கு நான்கு நாள் முன்னதாக, காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும், நகல் தட்டு மட்டும் மாட்டப்பட்ட கணினியின் பொத்தானை அக்காவே அழுத்தினார். பச்சைக் கட்டங்கள் ஓடின, நீலம் வந்தது, நீலத்தில் அச்சகத்தின் பெயர் வந்தது. பேஜ்மேக்கரில் மகாமகம் 2004 திறந்தது. டாங்கிளின் சிறு விளக்கு எரிய, எழுத்துகள் எழுத்துகளாகவே தெரிந்தன. அக்கா முதல் பக்கத்தில் 6.3.2004 என்றிருந்ததை அழித்து 22.2.2016 என்று அடித்தார். சேமிப்பதற்கு விரல் போகும் முன் ஒரு கணம் நிறுத்தி, பெட்டிப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். டக் டக் இல்லை. விசிறி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது.

“அண்ணே, முன்னுரை பழசே இருக்கட்டுமா, புதுசா எழுதி வாங்குறீங்களா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

பெரியப்பா பதில் சொல்லாமல், டிரேசிங் ஷீட் எத்தனை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கியிருந்தார்.